எந்த இடத்துல சிரிச்ச?

அந்த அம்மா சிரித்து நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது அவருக்கும் தெரியும். அப்படியிருக்க, அவரிடமே போய்ப் பெண் கேட்க வேண்டிய நிலைமை எனக்கு வந்தது என்றால் என் தலையெழுத்தை என்னவென்று சொல்வது?

பெண் கஸ்தூரி, அவருடைய தங்கை மகள். தங்கை சின்ன வயதிலேயே போய்விட்டதால் இவர்தான் வளர்த்தார். கஸ்தூரிக்கு என்னைப் பிடிக்கும், எனக்கு அவளைப் பிடிக்கும். என் அம்மாவுக்குச் சம்மதம். ஜாதகமும் பொருந்திவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"உனக்கு எந்த காமெடியன் புடிக்கும்? இன்னாத்துக்கு புடிக்கும்?"

சிரிக்காதீர்கள். அந்தக் கேள்வியில் எனக்கு முன்னால் மூன்று மாப்பிள்ளைகள் தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள்.

ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. அந்த அம்மாவுக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; ஒரு பாவு முடிந்து அடுத்ததை ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். அவர் தன் சாம்பலை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். மற்றவர் வீட்டுச் சாம்பலைத் தொடமாட்டார். எதிரில் ஒருவர் உட்கார்ந்து இழையை எடுத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒன்று மாறிவிட்டால் போச்சு, அதற்கப்புறம் எல்லாமே ஒன்று தள்ளித் தள்ளிப் போகும். எங்கே தப்பு என்று கண்டுபிடித்து, அதுவரைக்கும் அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும்.

அதனால் வந்து உட்கார்ந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "டேப்ப நிறுத்து."

அப்போதெல்லாம் தறி ஓடும் வீடுகளில் டேப் ரிக்கார்டர் இல்லாமல் இருக்காது. பாட்டு கொஞ்சம், பட வசனம் கொஞ்சம், மீதியெல்லாம் காமெடி கேசட். நாள் முழுக்கத் தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறென்ன இருக்கிறது? ஒரே கேசட்டை நூறு தரம் கேட்டு, அடுத்த வசனம் வருவதற்கு முன்பே சிரிப்பார்கள். பாவு பிணைக்கும்போது மட்டும் அது கூடாது. சிரித்தால் கை குலுங்கும், இழை மாறும். அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். ஆனால் டேப்பை நிறுத்திவிட்டு அவர் சும்மா இருக்கமாட்டார். எதிரில் உட்கார்ந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

அந்தக் காலத்தில் ஆரணியில் இரண்டே கட்சி. அரசியல் கட்சியைச் சொல்லவில்லை. அடிக்கிறவர் கட்சி, அடி வாங்குகிறவர் கட்சி. இரண்டு பேரும் படத்துக்குப் படம் ஜோடியாக வருவார்கள். ஒருவர் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவார், உதைப்பார். இன்னொருவர் வாங்கிக்கொண்டு முழிப்பார். பெயரைச் சொன்னால் இப்போதும் சட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது, அதனால் வேண்டாம். கொஞ்சம் வயசானவர்கள் மட்டும், கண்ணை உருட்டியே சிரிக்க வைத்த பழைய நடிகர் ஒருவரைச் சொல்லிக்கொண்டு தனியாக நிற்பார்கள். பின்னால், வாய்ச்சவடால் விட்டு ஊர் முழுக்க உதை வாங்குகிற ஒருவர் வந்தார். அப்போது அடி வாங்குகிறவர் கட்சிக்குக் கூட்டம் சேர்ந்தது.

நான் அடிக்கிறவர் கட்சி. சாதாரணக் கட்சிக்காரன் இல்லை, வெறியன். அவர் குரலில் பேசுவேன், அவர் மாதிரியே கழுத்தைச் சாய்த்து முறைப்பேன். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே பெஞ்சுமேல் ஏறி நின்றவன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் அந்த அம்மாவிடம் மாட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவரு காலத் தூக்கி ஒண்ணு உடுவாரு பாருக்கா, அங்க சிரிச்சிடுவேன்."

"ஒதைக்கறதுக்கு முன்னாடியா, ஒதைச்சப்புறமா?"

"இன்னாக்கா, கோர்ட்டுல கேக்கற மாரி கேக்கறீங்க?"

"சொல்லேன். எந்த இடத்துல சிரிச்ச?"

"காலத் தூக்கும்போதே சிரிப்பு வந்துடும்."

"ம்."

அந்த "ம்" இருக்கிறதே, அதற்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, தலை குனிந்து இழையை முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் தாங்காமல், "சரி, நீங்களே சொல்லுங்கக்கா, எங்க சிரிக்கணும்?" என்றார்.

"ஒதை வாங்கனவன் எழுந்து நின்னு, மறுபடியும் அதே கேள்விய கேக்கறான் பாரு. அதுலதான் சிரிப்பு இருக்குது. அவன் எழுந்திரிக்கறதாலதான் நீங்கல்லாம் சிரிச்சிகினு இருக்கறீங்க. ஒருநாள் எழுந்திரிக்கலன்னு வெச்சிக்கோ. அடிச்சவனுக்கு அப்ப இன்னா பேரு?"

பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த இழையை எடுத்து நீட்டினார். அவர் மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் நின்றுபோனது.

இன்னொரு பழக்கம் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டி.வி.யில் படம் பார்க்கத் தெருவே கூடும். அவரும் வருவார். வந்து, டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோரமாக, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். படத்தைப் பார்க்கவே மாட்டார். மூன்று மணி நேரமும் எங்கள் முகங்களைப் பார்ப்பார். யார் எப்போது சிரிக்கிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள், எல்லாம் பார்ப்பார். "தே, இந்தப் பக்கம் திரும்பி உக்காரேன், படம் அங்க ஓடுது" என்று அம்மா சொன்னால், "நீ பாரு, நான் இத பாக்கறேன்" என்பார். என்னால் அவர் எதிரில் உட்கார்ந்து நிம்மதியாகச் சிரிக்க முடிந்ததே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டிய இடத்தில் எச்சில் முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கஸ்தூரியைக் கேட்டு வந்த முதல் மாப்பிள்ளைக்குச் சேத்துப்பட்டில் பவர்லூம். நல்ல வசதி. அவன், "அடிக்கறவருதாங்க. இன்னாமா குடுப்பாரு!" என்று கையை ஓங்கியே காட்டினான். காபி ஆறுவதற்குள் அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆள் கலசப்பாக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். "நான் காமெடியெல்லாம் பாக்கறதில்லைங்க" என்று பெருமையாகச் சொன்னார். "அந்த வூட்டுல எங்க புள்ள சிரிக்கணும்னா லீவ் லெட்டர் குடுக்கணும்" என்று அதையும் முடித்துவிட்டார். மூன்றாவது ஆளுக்கு யாரோ முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக, "அடி வாங்கறவருதாங்க புடிக்கும், பாவங்க அவரு" என்றான்.

"பாவம்னா இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்று கேட்டார். அவன் தட்டில் இருந்த மிக்சரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

ஆக, அடிக்கிறவர் என்றாலும் தப்பு, அடி வாங்குகிறவர் என்றாலும் தப்பு, காமெடியே வேண்டாம் என்றாலும் தப்பு. "எனக்கே தெரியலப்பா எது கரெக்ட்டுன்னு. நல்லா யோசிச்சி வெச்சிக்கோ. நாலாவது ஆளும் போனா அப்புறம் எனக்கு வரனே வராது" என்று கஸ்தூரி சொன்னபோது அவள் கண்ணில் நீர் நின்றது. என் அம்மா, "எவனோ சினிமாக்காரனால உன் கல்யாணம் நிக்கணுமாடா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர்களுக்கென்ன தெரியும், என் பயம் வேறு.

அந்த அம்மாவின் வீட்டுக்காரரைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. சேலையில் பூவும் மயிலும் விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டியை ரிப்பேர் செய்கிறவர். வேலைக்காரர்தான், ஆனால் ஊர் அவரைக் கூப்பிட்டது வேலைக்காக மட்டும் இல்லை. அப்படிச் சிரிக்க வைப்பார்! அடிக்கிறவரின் குரல் அவர் தொண்டையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. நானே அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அவருக்கு ஜோடியாக அடி வாங்குகிற ஆள் வேண்டுமே? பொண்டாட்டி இருந்தார்.

தெருக் குழாயில் இந்த அம்மா குடத்தோடு நிற்பார். அவர் பின்னால் வந்து, "ஏண்டி, தண்ணி புடிக்க வந்தியா, தண்ணிக்கு பாடம் எடுக்க வந்தியா?" என்று சொல்லித் துண்டால் தலையில் ஒன்று போடுவார். இவர் திரும்பி முழிப்பார். அந்த முழி இருக்கிறதே, படத்தில் வருகிறவரே தோற்றுப்போவார். குழாயடியே விழுந்து விழுந்து சிரிக்கும். கொஞ்ச நாளில் துண்டு போய்க் கை வந்தது. அப்புறம் கால். சந்தவாசல் மாதிரி வெளியூரில் கல்யாணம் என்றால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். "ஜோடின்னா இதான்யா ஜோடி" என்று ஊர் சொன்னது. அடி விழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லையா? கேட்டது. கேட்டுக்கொண்டேதான் சிரித்தோம். இதை நான் எப்படி மாற்றிச் சொல்வது?

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அன்று சாயங்காலம் கோயில் முன்னால் பலகை போட்டு மேடை, அதில் இந்த ஜோடியின் காமெடி. எனக்கு அப்போது பதினேழு வயது. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, விசிலடிக்கிற கூட்டத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கழுத்தைச் சாய்த்து, "இன்னாடி சொன்ன?" என்றார். இந்த அம்மா ஏதோ பதில் சொன்னார். அவர் கையை விரித்து இடது காதோடு சேர்த்து ஒன்று விட்டார். இந்த அம்மா கீழே விழுந்தார்.

எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கப்பென்று அடங்கியது. மேடையில் அவரே கையைக் கீழே போட்டுவிட்டார், முகம் வெளுத்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, நாலு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். பிறகு இந்த அம்மா கையை ஊன்றி எழுந்து எங்களைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். நான் சொன்னேனே ஒரே ஒரு முறை என்று, அது இதுதான்.

அப்பாடா என்று கூட்டம் மூச்சு விட்டது. அப்போது முதல் வரிசையிலிருந்து ஒருவன் விசிலடித்து, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினான். தெருவே சேர்ந்துகொண்டது. ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர். வீட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்தார், தெம்பு வந்துவிட்டது, மறுபடியும் கையை ஓங்கினார். அதே காதில்தான் விழுந்தது.

கத்தினவன் நான்.

அந்தக் காது அன்றோடு போனது. அதற்குப் பிறகு யார் பேசினாலும் வலது காதைத் திருப்பித்தான் கேட்பார். மறு வருஷம் போளூர் ரோட்டில் லாரி மோதி வீட்டுக்காரர் இறந்துபோனார். "ஊரையே சிரிக்க வெச்ச மனுஷன்" என்று ஊரே அழுதது. இந்த அம்மா யார் முகத்தையும் விடாமல் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காரியம் முடிந்த மாதத்திலிருந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். இழை எடுத்துக் கொடுக்க நான் ஒருநாளும் அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. எங்கள் வீட்டில் பாவு பிணைக்க வந்தால் ஜல்தியாக வேறு வேலை உண்டாக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். நான் கத்தாவிட்டால் வேறொருவன் கத்தியிருப்பான் என்று ஏழு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கஸ்தூரி விஷயம் வந்த பிறகு ஓட முடியவில்லை. எங்கள் தறியில் புதுப் பாவு ஏறியது. அம்மா வேண்டுமென்றே என்னை எதிரில் உட்கார வைத்துவிட்டு நழுவிவிட்டார்.

"வாங்க அத்தை" என்றேன்.

அவர் பவுடர் டப்பாவைத் திறந்துகொண்டே, "போன மாசம் வரைக்கும் அக்கா. எப்பலருந்துடா நான் அத்தை ஆனேன்?" என்றார்.

இழையை எடுத்துக் கொடுத்தேன், அவர் முறுக்கினார். எடுத்தேன், முறுக்கினார். ஒரு மணி நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. எப்போது கேட்பார், எப்போது கேட்பார் என்று காத்திருப்பதைவிட அடித்துவிட்டால் தேவலை போலிருந்தது.

"யார்ரா புடிக்கும் உனக்கு?"

ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "பழைய ஆளுதாங்க அத்தை. கண்ண உருட்டுவாரே, அவரு. யாரையும் அடிக்கமாட்டாரு, யார்கிட்டயும் அடி வாங்கமாட்டாரு. கண்ணாலயே சிரிக்க வெப்பாரு."

அவர் முறுக்குவதை நிறுத்தாமல், "நல்லா இருக்குது" என்றார். "யோசிச்சி வெச்சினு வந்த பதிலா?"

நான் குனிந்து அடுத்த இழையைத் தேடினேன்.

"பெஞ்சு மேல ஏறி நின்னு அந்தக் கொரல்ல பேசனவன் நீ. இப்ப கண்ண உருட்டறவரா?"

அதற்குப் பிறகு எடுத்துக் கொடுத்த இழைகளை நான் பார்த்துக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சட்டென்று நிறுத்தி, பாவைக் கூர்ந்து பார்த்து, "மாறிப்போச்சு" என்றார். ஐம்பது அறுபது இழைக்கு முன்னால் ஒன்று தள்ளிப் போயிருந்தது. "அவுத்துகினே வா."

அவிழ்த்தேன். முறுக்கிய ஒவ்வொன்றையும் பிரித்துப் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். அவர் தலை என் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்திருந்தது. செத்துப்போன அந்தக் காது என் பக்கம் இருந்தது. கஸ்தூரி போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. இவரை ஏமாற்றி இவர் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய், ஆயுசு முழுக்க அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

"அத்தை. அன்னிக்கி ஆடி மாசம் ஒன்ஸ்மோர்னு கத்தனது நான்தான்."

அந்தப் பக்கத்துக் காதில்தான் சொன்னேன். கேட்டிருக்காது என்று நினைத்தேன். அவர் மெதுவாக வலது பக்கத்தை என்னிடம் திருப்பினார்.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன்.

"தெரியும்" என்றார். "மஞ்ச சட்ட. வெரலு ரெண்டயும் வாயில வெச்சிகினு இருந்த."

"நீங்க சிரிச்சிகினே எழுந்தீங்களா அத்தை... அடி படலன்னு நெனச்சிட்டேன்."

"நான் சிரிச்சாதான்டா அது காமெடி. சிரிக்கலன்னா அது அடி." சாம்பல் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "அத்தினி பேரு முன்னாடி அடி வாங்கனவளுன்னு பேரு எடுக்கறதா? காமெடின்னே போய்த் தொலையட்டும்னு சிரிச்சேன். நீங்க நம்பிட்டீங்க. அவரும் நம்பிட்டாரு. அதான் ரெண்டாவதும் குடுத்தாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "இழைமேல கண்ணீர் உடாத, பட்டுடா அது. இழ எடு" என்றார்.

சாயங்காலம் வேலை முடிந்து அவர் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றபோது அம்மா ஓடிவந்து, "இன்னா சொன்னான் என் புள்ள?" என்று கேட்டார்.

"இந்தத் தெருவுல எல்லாரும் அவரு அடிச்சாரு, அவரு அடிச்சாருன்னுதான் சொல்லுவாங்க. நான் கத்தனேன்னு சொன்னவன் இவன் ஒருத்தன்தான்" என்றார். "தையில வெச்சிக்கலாம்."

இந்த இடத்தோடு முடித்துவிட்டால் நான் நல்லவனாகத் தெரிவேன். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டு என்னை நல்லவனாக்கிக்கொண்டு எழுந்து போனால், அதையும் அவர் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

கல்யாணம் நடந்தது. மகள் பிறந்தாள். அவளுக்குக் காது குத்திய அன்று வீடு நிறைய ஜனம். அப்போது காமெடிக்கென்றே தனிச் சேனல் வந்துவிட்டது, நாள் முழுக்க ஓடும். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வழக்கம்போல டி.வி.க்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னோடு படித்தவன் ஒருவன், "டேய், ஸ்கூல்ல பண்ணுவியே அந்தக் கொரலு, எடுத்து உடுடா" என்றான். மாட்டேன் என்றேன். இரண்டு பேர் கை தட்டினார்கள். நாலு பேர் கை தட்டினார்கள்.

கஸ்தூரி தட்டில் பாயசம் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கழுத்தைச் சாய்த்தேன். "ஏண்டி, பாயசம் குடுக்க வந்தியா, பாயசத்துக்குப் பொண்ணு பாக்க வந்தியா?" என்று அந்தக் குரலில் கேட்டு, கையிலிருந்த பேப்பரைச் சுருட்டி அவள் தலையில் ஒன்று போட்டேன். பேப்பர்தான். வலித்திருக்காது. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும்.

கூடமே அதிர்ந்தது. தட்டு கொஞ்சம் ஆடி, பாயசம் அவள் கையில் சிந்தியது. கஸ்தூரி ஒருமுறை எல்லோரையும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். என்னோடு படித்தவன் தொடையைத் தட்டினான். நான் பேப்பரை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன். கை கொஞ்சம் மேலே போயும்விட்டது.

"கஸ்தூரி" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. "சிரிப்பு வந்துச்சாம்மா உனக்கு?"

கஸ்தூரி சிரிப்பு மாறாமல், "எல்லாரும் சிரிச்சாங்க இல்ல பெரிம்மா, அதான்" என்றாள்.

அவர் எழுந்தார். டி.வி. பக்கத்திலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்திருந்த ஜனத்துக்கெல்லாம் முன்னால், எனக்கு நேர் எதிரில், முதல் வரிசையில் போட்டார். போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலி ஜனத்துக்கு முதுகு காட்டி இருந்ததை நான் பார்த்தது அன்றுதான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பி, என்னைப் பார்த்தார்.

"ஒன்ஸ்மோர்" என்றார்.